அரை மாட்டுக்கு எந்த மாநிலத்து வரி?

டார்லா பிரான்வோல்டுக்கு அமெரிக்காவின் மூன்று மாநிலங்கள் ஒரே ஊர்தான். வீடு நெப்ராஸ்காவில். காய்கறி வாங்க ஆற்றுப் பாலம் தாண்டினால் அயோவா. நாத்தனார் இருப்பது தெற்கு டகோட்டாவில். குடும்பத்தின் இறைச்சியைக் கெடாமல் காக்கும் பெரிய உறைபெட்டியும் அவள் வீட்டுக் கார் கொட்டகையில்தான். பல வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் டார்லா. எந்த வளைவில் எந்தப் பிள்ளை வாந்தி எடுக்கும் என்பதுவரை அத்துப்படி. மகள் பிரென்னாவின் மாட்டிறைச்சி விவகாரம் மட்டும் அவளுக்குப் பிடிபடவேயில்லை.

பிரென்னா அயோவாவில் கல்லூரித் தடகள அணிக்காகக் குண்டு எறிகிறாள். தெற்கு டகோட்டாவில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் வெண்டல், அவள் தோளில் ஒரு மாட்டுத் தொடையை ஏற்றிப் படமெடுத்து, நெடுஞ்சாலையில் விளம்பரப் பலகையாக நிறுத்தினார். அதற்குக் கூலி அரை மாடு, பொட்டலம் கட்டியது. டார்லாவின் கணவர் முதுகு பிடித்துப் படுத்திருந்த போன குளிர்காலம் அந்தக் கறியில்தான் கழிந்தது. அவர் இன்னும் எழுந்தபாடில்லை. இந்த வருடமும் அதே ஏற்பாடு உண்டா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருந்தார் வெண்டல். அதற்குள், போன வருடக் கறியின் விலையைப் பிரென்னாவின் வருமானமாகக் காட்டி அவரே ஒரு வரித் தாளும் அனுப்பிவிட்டார்.

அதை எடுத்துக்கொண்டு, வரிக்கணக்கு எழுதும் இர்மாவிடம் போனாள் டார்லா.

"தின்னு தீர்த்ததுக்கு வரியா, இர்மா?"

"தின்னதுக்கு இல்ல, சம்பாதிச்சதுக்கு. காசுக்குப் பதிலா மாடு வந்திருக்கு, அவ்வளவுதான்."

"வெண்டல் இருக்கிற பக்கம் வருமான வரியே கிடையாதே! கறியும் அங்கதானே பெட்டியில கிடந்துச்சு."

"கறி எங்க தூங்கினா என்ன? படம் எங்க எடுத்தாங்க?"

"அயோவால."

"அப்ப அயோவா கேக்கும். பிரென்னா படிக்கத்தான் அங்க போயிருக்கா, சொந்த வீடு உங்க வீடு. அதனால நெப்ராஸ்காவும் கேக்கும்."

"ஒரே மாட்டை ரெண்டு பேரும் அறுப்பாங்களா?"

"அங்க கட்டினதை இங்க கழிச்சுக்கலாம். வரி பெருசா வராது. ரெண்டு மாநிலத்துக்கும் எழுதற என் கூலிதான் உன்னைக் கடிக்கும்."

"விளையாடற பிள்ளைங்களுக்கு விலக்கு உண்டுன்னு கேள்விப்பட்டேனே?"

"வேற எங்கயோ அப்படிப் பேசிக்கிறாங்க. இங்க இல்ல."

டார்லா தலையாட்டினாள். புரிந்ததால் அல்ல, இர்மாவின் வாசலில் அடுத்த ஆள் காத்திருந்தார்.

அன்று மாலை பிரென்னா போனில் கூப்பிட்டாள். "வேணாம்னு சொல்லிடாதம்மா. அப்பா எழுந்திரிக்கிறவரைக்கும் என்னத்தைத் தின்னுவீங்க?"

"வேணாம்னு யாரு சொன்னா? போன தடவை எங்கடி நின்னு படமெடுத்தீங்க?"

"காலேஜ் மைதானத்துக்குப் பின்னாடி. ஏன்?"

"இந்தத் தடவை வெண்டலை இங்க வரச் சொல்லு. நம்ம வீட்டு வாசல்ல எடுக்கட்டும். வீடும் இங்க, வேலையும் இங்க. ஒரே மாநிலம், இர்மாவுக்கு ஒரே கூலி."

"வாசல்ல மாட்டுத் தொடையோட நிக்கணுமா? எதிர் வீட்டு நாய் என்னை விடுமா?"

"அதைக் கட்டிப்போடச் சொல்றேன்."

போனை வைத்ததும் வெண்டலை அழைத்து, சம்மதம் என்றாள். அவரும் வாசலுக்கு ஒப்புக்கொண்டார். பிறகு அடுப்பருகே நின்று கடைசிப் பொட்டலத்தைப் பிரித்தபோது வேறொரு சந்தேகம் வந்தது: பலகை நிற்பது அயோவா நெடுஞ்சாலையில் ஆயிற்றே, அதற்கு என்ன கணக்கு? இர்மாவைக் கூப்பிடப் போனவள், அதற்கும் ஒரு கூலி கேட்பாளோ என்று போனைக் கீழே வைத்துவிட்டாள்.