பெரியம்மா ஒளித்து வைத்த மூன்று குறைகள்

எங்கள் பெரியம்மா இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவள். ஓய்வு பெற்றதும் நூலகத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த கார் கொட்டகையைக் கேட்டு வாங்கி, ஊருக்குப் பொதுவாக ஒரு சைக்கிள் பட்டறை ஆரம்பித்தாள். வருகிறவர்கள் தங்கள் வண்டியைத் தாங்களே சரி செய்யலாம். வண்டி இல்லாதவர்களுக்கு இரவல் வண்டி. கூடமாட உதவ ஒரு தையல்காரர், ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவர், அப்புறம் நான். படிப்பு என்னை விட்டுவிட்டதா, நான் படிப்பை விட்டேனா என்பது வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

சம்பளமில்லாத வேலைக்குப் பதினொரு சட்டம். கொட்டகைச் சுவரில் பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தாள். இத்தனை எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"லிஃப்ட்ல நாம தப்பு பண்ணா, மேல போறவன் ஒரேயடியா மேல போயிடுவான்டி. சைக்கிள் மட்டும் என்ன?"

அந்தப் பதினொன்றில் நாலைச் சொன்னால் போதும். பழுது பார்த்த வண்டியின் ஹேண்டிலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். இன்னொருவர் ஓட்டிப் பார்த்துத்தான் அவிழ்க்க வேண்டும். சனிக்கிழமை மூடும் முன் துணி எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட வேண்டும். கடைசியாக, முதலில் செய், அப்புறம் கேள்.

வெள்ளிக்கிழமைதான் பயிற்சி. நல்ல வண்டிகளில் பெரியம்மாவே மூன்று குறையை ஒளித்து வைப்பாள். நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். முன்பெல்லாம் என்னென்ன குறை என்று ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்திருப்பாள். ஒருநாள் அந்தச் சீட்டை எடுத்துத் தையல்காரரிடம் காட்டினேன். மனிதர் மூன்றையும் நாலே நிமிஷத்தில் பிடித்துவிட்டு, "கை தானா அங்க போச்சுக்கா" என்று வேறு சொன்னார். எனக்கு ஒரு வாரம் சிரிப்பு. அன்றிலிருந்து பெரியம்மா எழுதுவதில்லை. எல்லாம் மண்டைக்குள்ளேயே.

போன வெள்ளிக்கிழமை கண்டக்டர் ஒரே ஒரு குறையைத்தான் கண்டுபிடித்தார். பின்சக்கர நட்டு. இருட்டிவிட்டது, சனிக்கிழமை பெரியம்மா வரமாட்டாள் என்பதால் மீதியைத் திங்கட்கிழமை பார்க்கலாம் என்று, இருந்த வண்டி அத்தனைக்கும் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போனோம்.

திங்கட்கிழமை மதியம் பெரியம்மா வந்ததும் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"பச்சை வண்டி எங்க?"

"பேக்கரிக்காரர் பொண்ணு எடுத்துட்டுப் போச்சு, பன் குடுக்க" என்றார் கண்டக்டர். "கால் மணி இருக்கும்."

"துணி கட்டியிருந்துச்சே."

"எந்த வண்டியிலயும் இல்லையேம்மா. காலையில இருந்து நாலு வண்டி குடுத்திருக்கேன்."

"நான்தான்க்கா சனிக்கிழமை துவைச்சேன்" என்றார் தையல்காரர், பாராட்டுக்குக் காத்திருக்கும் முகத்தோடு. "இருக்கறதுலயே அதுதான் அழுக்கு."

"கட்டியிருந்ததை ஏன் அவுத்தீங்க?"

"கேக்கலாம்னுதான் நெனச்சேன். முதல்ல செய்னு எழுதியிருக்கே."

பெரியம்மா திட்டவில்லை. கண்டக்டரிடம், "மத்த மூணையும் போய்ப் பிடிங்க" என்று மட்டும் சொன்னாள். "பச்சையில ஹேண்டில் போல்ட்ட நான்தான் தளர்த்தி வெச்சேன்."

பேக்கரியிலிருந்து கீழே போகத் தண்ணீர்த் தொட்டி இறக்கம்தான் வழி. இறக்கம் முடியும் இடத்தில் லாரி போகும் சாலை. பெரியம்மாவும் நானும் ஓடினோம். பாதி இறக்கத்தில் ஒரு பன் கிடந்தது. நாலடி தள்ளி இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை. கீழே ஒரு லாரி குறுக்காக நின்றிருந்தது. பெரியம்மா ஓடுவதை நிறுத்தி நடக்க ஆரம்பித்தாள். சீக்கிரம் போய்ப் பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை என்று எனக்குப் புரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு சமயமாக இருந்தால் உதறியிருப்பாள்.

அந்தப் பெண் சாலையோரம் உட்கார்ந்து முழங்காலை ஊதிக்கொண்டிருந்தது.

"நான் இந்தப் பக்கம் திருப்பறேன், சக்கரம் அந்தப் பக்கம் போகுது ஆன்ட்டி. குதிச்சுட்டேன்."

லாரி டிரைவர், "பிரேக் ஒரு நொடி லேட்டாப் போட்டிருந்தா நான் இந்நேரம் ஸ்டேஷன்ல" என்றார். பெரியம்மா அவரைக் கும்பிட்டாள். பெண்ணின் முழங்காலைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு வண்டியைத் தரையில் சாய்த்து, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிரேக், செயின், பெடல். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து தொட்டாள்.

"நட்டு ஒண்ணு. போல்ட்டோட ரெண்டு." நெற்றியில் கிரீஸ் கையை வைத்தாள். "மூணாவத எங்கடி வெச்சேன்?"

"இதுலதானே?"

"இதுல இல்ல."

சீட்டு எழுதியிருந்தால் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வண்டியை உருட்ட விடாமல் தோளில் போட்டுக்கொண்டு மேடேறினாள். பட்டறையில் கண்டக்டர் இரண்டு வண்டியோடு நின்றிருந்தார். அந்த இரண்டையும், கொட்டகையில் மீதி நின்றவற்றையும் பெரியம்மா பிரித்தே பார்த்துவிட்டாள். குறை இல்லை.

"மூணாவது வண்டி?"

"சலவைக்கடைக்காரர்மா. வீடு பூட்டியிருக்கு. பாலத்துக்கு அந்தப் பக்கம் அதுலதான் துணி எடுக்கப் போயிருக்காராம். ஆறு மணிக்கெல்லாம் வந்துடுவார்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க."

ஒருவரும் தனியாகப் போகப் பிடிக்காமல் நாலு பேருமே போனோம். பெரியம்மா பூட்டிய கதவுக்கு முன் படியில் உட்கார்ந்தாள். ஆறானது. தையல்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"கேளுங்க" என்றாள் பெரியம்மா.

அவர் தெருமுனையைப் பார்த்தார். ஆறரைக்குத் தெருவிளக்கு எரிந்தது. முனையில் சைக்கிள் எதுவும் திரும்பவில்லை.