ரௌதாலாவின் வீட்டில் சைமியின் நாற்காலி

எங்கள் ஜனங்களுக்கு ஒரு புத்தி உண்டு. விருந்துக்குப் போனால் காப்பியைக் குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். பீங்கானுக்குப் பேர்போன கய் ஃபிராங்க் வரைந்ததா, வேறு யாராவதா என்று தெரிந்தால்தான் குடித்தது செரிக்கும். என் தம்பி உர்ஹோவுக்கு இந்தப் பைத்தியம் தலைக்கேறியது. அனுபவித்தவள் அவன் பெண்டாட்டி சைமி.

உர்ஹோ மரம் அறுக்கும் ஆலையில் மேலாளர். ஏரிக்கரையில் வீடு கட்ட ஹெல்சிங்கியிலிருந்து ரௌதாலா என்ற கட்டடக் கலைஞரைப் பிடித்து வந்தான். உலகப் புகழ் பெற்ற ஆல்தோவுக்கு அடுத்த கலைஞர் தான்தான் என்று நம்பிய மனிதர். வெள்ளைச் சுவர், ஏரியைப் பார்த்து ஒரே பெரிய கண்ணாடி ஜன்னல், பிர்ச் மரத்தை வளைத்து அவர் வரைந்தபடி செய்த தாழ்வான நாற்காலிகள். வீடு அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் திரைச்சீலை கூடாது, பூப்போட்ட விரிப்பு கூடாது. சைமியின் ஆடும் நாற்காலியும் கூடாது.

அது சைமியின் அப்பா செய்து சிவப்புச் சாயம் அடித்துக் கொடுத்தது. சைமி தன் ஒரே மகள் ஐலியை அதில்தான் மடியில் போட்டு ஆட்டித் தூங்க வைப்பாள். காய்ச்சலில் குழந்தையின் உயிர் போனதும் அந்த நாற்காலியில்தான். அதற்குப் பிறகு மாலையானால் சைமி அதில் போய் உட்காருவாள். அந்த வீட்டில் அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க வந்த நாளில் ரௌதாலாவும் வந்தார். கூடத்தில் சிவப்பு நாற்காலியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது என்ன உர்ஹோ, விறகா?"

"இவளோட பழைய சாமான் சார். எடுத்துடறேன்."

"அம்மாவுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?"

சைமி வாயைத் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். விருந்தாளி எதிரில் மறுத்துப் பேசுவது குடும்பத்துக்கே கேவலம். படமெடுத்து முடிந்தால் திரும்ப உள்ளே வந்துவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து விறகுக் கொட்டகையில் வைத்தோம்.

வந்தவருக்கு மாலையில் சவ்னாவை, எங்கள் நீராவிக் குளியல் அறையை, சூடாக்கிக் கொடுக்காமல் அனுப்ப முடியுமா? உர்ஹோவே அடுப்பு மூட்டினான். ஆண்கள் முதலில் போனார்கள். அடுப்பின் மேல் காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றியதும் "ஆவி பிரமாதம்" என்று ரௌதாலா மெச்சியது கரை வரைக்கும் கேட்டது. அவர்கள் வெளியே வந்த பிறகு நானும் சைமியும் போய்ப் பலகையில் உட்கார்ந்தோம். சாயம் கருகிய வாடை. சைமி இறங்கி விறகுக் கூடையைப் பார்த்தாள். சிவப்பு நாற்காலியின் கைப்பிடி ஒன்று மிச்சம் இருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் பியர் குடித்துக்கொண்டிருந்த உர்ஹோ கேட்டான்: "ஆவி எப்படி இருக்கு சைமி? நல்லா காஞ்ச மரம்."

ரெண்டு ஆண்களும் சிரித்தார்கள்.

"நல்லா இருக்கு" என்றாள் சைமி. அந்தக் கைப்பிடியையும் அடுப்பில் போட்டுவிட்டு ஒரு கரண்டித் தண்ணீரைக் கல்லில் ஊற்றினாள். அழுதது நான்தான். என் கூடப்பிறந்தவனை அன்றைக்கு நான் மனதார வெறுத்தேன்.

அதன் பிறகு சைமி அந்தக் கூடத்தில் உட்கார்ந்ததே இல்லை. சமையலறை முக்காலியிலேயே காலத்தைத் தள்ளினாள். வீட்டைப் பார்க்க ஜப்பானிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் கொடுப்பாள். உர்ஹோ ஒவ்வொரு ஜன்னலாகக் காட்டிப் பீற்றிக்கொள்வான்.

வயதான காலத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. ரௌதாலாவின் தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. "சைமி, தூக்கி விடு" என்று கத்துவான். அவள் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வருவாள். சில நாள் இன்னொரு கோப்பையும் ஊற்றிக்கொள்வாள்.

எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. என்ன இருந்தாலும் தம்பி. என் வீட்டு ஆடும் நாற்காலியைக் கொண்டுபோய் இறக்கினேன். அதைக் கண்டதும் அவன் கண் கலங்கிவிட்டது.

"ஜன்னல் பக்கமா போடுக்கா. ஏரி தெரியணும்."

"மொதல்ல குளியல் ஆகட்டும்" என்றாள் சைமி. "நாற்காலியை நான் தொடச்சு வைக்கிறேன். நீங்க அதுமேல இருக்கற விரிப்பைக் கரையில அலசிட்டு வாங்கக்கா."

அலசிவிட்டு வந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. சவ்னா புகைந்துகொண்டிருந்தது. உடை மாற்றும் அறைக்குள் போனேன். உள்ளே சைமியின் குரல் கேட்டது.

"ஆவி எப்படி இருக்கு உர்ஹோ?"

"நல்லா இருக்கு. உடம்புக்கு இதமா இருக்கு."

"இருக்காதா பின்ன. நல்லா காஞ்ச மரம்."

பிறகு அவன் குழறலாக "அக்கா" என்று கூப்பிட்டான், ஒரே ஒரு தடவை.

என் காலடியில் விறகுக் கூடை இருந்தது. அதில் என் நாற்காலியின் கைப்பிடி ஒன்று கிடந்தது. அதை எடுத்து, கதவைக் கொஞ்சமாகத் திறந்து சைமியிடம் நீட்டினேன்.