கருப்பனுக்கு இன்னொரு கை

என் பெரியம்மா மாரீஸ்வரி ராஜபாளையம் நூல் மில்லில் வேலை பார்த்துக் கட்டிய வீடு, வன்னியம்பட்டியில் தெருவிளக்கு முடிகிற இடத்தில் இருக்கிறது. பெரியப்பா இறந்து, மகன் வினோத் சென்னைக்குப் போன பிறகு அங்கே தனியாக இருந்தாள். காவலுக்கு ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கினாள். பால் வெள்ளை. பெயர் கருப்பன்.

"வெள்ளை நாய்க்கு யாராவது கருப்பன்னு பேரு வைப்பாகளா, மதினி?" என்று பக்கத்து வீட்டுக் கல்பனா சிரித்தாள்.

"காவலுக்கு வந்தவன்ட்டி. சாமி பேருதான் வைக்கணும்."

அந்தப் பக்கம் திருட வருகிறவர்கள் முதலில் நாய்க்குக் கறித்துண்டில் மருந்து வைத்துப் போடுவார்கள். அதனால் பெரியம்மா குட்டிக்கு முதலில் கற்றுக்கொடுத்தது, பிறர் தருவதைத் தின்னாமல் இருக்கத்தான். கல்பனாவைக் கறி நீட்டச் சொல்வாள். குட்டி மோந்தால் மூக்கில் ஒரு தட்டு விழும். தன் கையிலிருந்து தின்றால் காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவாள். ஒரு வயதாவதற்குள், வேறு யார் வைத்த சோற்றையும் அது திரும்பிப் பார்க்காமல் ஆனது. தெருவே மெச்சியது.

நான் பல ஊர் சுற்றித் திரும்பியபோது பெரியம்மாவுக்கு வயிற்றில் கட்டி. மதுரையில் ஆபரேஷன். எத்தனை நாள் படுக்க வேண்டும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

"நான் இல்லாட்டி இது பட்டினி கெடந்தே செத்துரும்" என்றாள். ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிட்டு, பழக்கியதை மாற்ற உட்கார்ந்தாள்.

கல்பனாவின் உள்ளங்கையில் சோற்று உருண்டை. அதன் மேல் பெரியம்மாவின் கை. கருப்பன் பெரியம்மாவின் விரல்களை மட்டும் நக்கியது.

"கையக் கவ்விட்டான்னா நான் எத வச்சுப் பாத்திரம் வெளக்க, மதினி?"

"இன்னொரு கை இருக்குல்லா. அசையாம இருட்டி."

பிறகு தன் கையை எடுத்துக்கொண்டு அருகில் நின்றாள். பிறகு கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். கருப்பனுக்கு விலா எலும்பு தெரியத் தொடங்கியது. அது தின்னாத நாட்களில் அவளும் சாப்பிடவில்லை. ஒரு காலையில் அது கல்பனாவின் கையிலிருந்து, தலை குனிந்தபடி, ஒரு உருண்டையை எடுத்துக்கொண்டது.

"தின்னுட்டான்" என்றாள் பெரியம்மா, கதவிடுக்கில் பார்த்து. பிறகு வெகுநேரம் சுவரைப் பார்த்து நின்றாள்.

ஆபரேஷன் முடிந்தது. வாராவாரம் சிகிச்சை உண்டு, இனித் தனியாக இருக்கக் கூடாது என்றார்கள். வினோத் சென்னைக்குக் கூட்டிப் போகிறேன் என்றான். அவனுடைய ஃபிளாட்டில் நாய்க்கு அனுமதியில்லை. கருப்பன் கல்பனாவிடமே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

துணிமணி எடுக்க வினோத்தின் காரில் வந்தோம். பெரியம்மா தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னாள். நான் போய்ப் பையை எடுத்து வந்தேன். கல்பனா வீட்டு வாசலில் கருப்பனைக் கட்டியிருந்தார்கள்.

"ஒரு தடவ பாத்துட்டு வாங்களேன், பெரியம்மா."

"என்னையப் பாத்தான்னா திரும்பவும் அவ கையில திங்க மாட்டான்."

ஆனால் அவள் முகம் அந்த வாசல் பக்கமே இருந்தது. காற்று எங்கள் பக்கமிருந்து தெருவுக்குள் வீசியது. கருப்பன் தலையைத் தூக்கியது. எழுந்து நின்றது.

"ஏலே வினோத், கண்ணாடிய ஏத்து" என்றாள். "வண்டிய எடு."