சீவரத்தினம் அண்ணையின் நுள்ளு

மாட்டின் கழுத்தில் ஒரு நுள்ளு, தோலைக் கிள்ளி இழுத்து. அடுத்ததாக, வண்டிலில் ஏறுகிறவரின் புறங்கையில் ஒரு நுள்ளு. நீர்வேலிச் சந்தியிலிருந்து சீவரத்தினம் அண்ணையின் ஒற்றை மாட்டு வண்டில் அப்படித்தான் புறப்படும். நுள்ளிய தோல் உடனே படுத்துவிட்டால் ஏறலாம். கூடாரம்போல எழும்பி நின்றால் உடம்பில் தண்ணீர் இல்லையென்று அர்த்தம். வண்டிலில் தொங்கும் மண்முட்டியில் இருக்கும் உப்புக் கஞ்சியைக் குடிக்காமல் ஏற முடியாது. மாட்டுக்கும் அதே கஞ்சிதான், வாளியில். பிற்காலத்தில் நான் வேலைக்குப் போன பினாங்கில் ஒரு வைத்தியர் இதே சோதனையைச் செய்யக் கண்டேன். அவர் கை கழுவிவிட்டுச் செய்தார்.

அண்ணையின் அடுத்த கேள்வி இன்னும் மோசம். "ஒண்டுக்குப் போனது தேத்தண்ணி நிறமோ, இளநி நிறமோ?" பெண்கள் தலைப்பை இழுத்துக்கொண்டு "இளநி" என்பார்கள், பொய்யோ மெய்யோ.

ஆடி அமாவாசையன்று கீரிமலைக்குப் போனோம். பரமலிங்கம் வாத்தியார் ஓடுகிற வண்டிலில் பின்னால் தொற்றி ஏறியதால் நுள்ளுக்குத் தப்பிவிட்டார். இறந்த தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்வரை பச்சைத் தண்ணீரும் தொடாத விரதம். முதல் நாள் இரவு ஒரு முழுப் பலாப்பழத்தைத் தனியே முடித்ததும், விடியுமுன் வயிற்றுப்போக்கில் ஏழு தரம் வளவுக்கு ஓடியதும் அவர் சொல்லாமலே அயலுக்குத் தெரியும்.

வெயிலை மறக்க வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வந்தவர், மல்லாகம் தாண்டியதும் "ஏழெட்டு நாற்பது" என்றார். வண்டில் நின்றது. அவர் கண் குழிவிழுந்து, நாக்கு ஓலைபோலக் காய்ந்திருந்தது. அண்ணை நுள்ளினார். தோல் படுக்கவேயில்லை.

"வாத்தியார், குடியுங்கோ."

"தண்ணி இறைக்க முதல் குடிக்கமாட்டன். நானென்ன மாடோ?"

"மாடெண்டால் எப்பவோ குடிச்சிருக்கும். உங்கடை ஐயா மேலை தண்ணிக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறார். நீங்களும் இப்ப அங்கை போய் நிண்டால், ரண்டு பேருக்கும் ஆர் இறைக்கிறது?"

வாத்தியாருக்குப் பிள்ளைகள் இல்லை. சற்று யோசித்துக் கஞ்சிச் சிரட்டையை வாங்கினார்.

"மடமடவெண்டு குடியாதேங்கோ, திரும்பி வரும். ஒரு மிடறு. பிறகு என்னை ஒருக்கால் ஏசுங்கோ. பிறகு மற்ற மிடறு."

வாத்தியார் சொன்னபடியே செய்தார், ஏசுவதை மிகவும் ஒழுங்காக. முட்டி காலியாகிற நேரம் அண்ணை கேட்டார்:

"ஏழெட்டு?"

"ஐம்பத்தாறு, மாட்டு வைத்தியம் பாக்கிற பரியாரி."

வண்டில் புறப்பட்டது. கீரிமலையில் வாத்தியார் தன் காலாலேயே நடந்துபோய் இறைத்துவிட்டு வந்தார். வந்தவர் நேரே அண்ணையின் கையைப் பிடித்து, புறங்கையில் ஒரு நுள்ளு வைத்தார்.

தோல் எழும்பி நின்றது. காலையிலிருந்து அண்ணை ஒரு வாயும் குடிக்கவில்லை.

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். முட்டி காலி. அண்ணை மாட்டைப் பார்த்தார். மாட்டின் வாளியில் கொஞ்சம் கஞ்சி மீதியிருந்தது. மாட்டின் மூக்கை மெல்லத் தள்ளிவிட்டு, வாளியைத் தூக்கினார்.