இழுத்த வண்டி நிக்கல

என் மச்சினன் ஒரு பேஜார் ஆளு. போன்ல பார்த்ததை எல்லாம் செய்து பார்க்கணும் அவனுக்கு. போன வருஷம் உள்ளே படுத்துத் தூங்கற மாதிரி ஒரு டிரெய்லர் கட்டினான். இரும்புத் தகடு, ரெண்டு கட்டில், தண்ணீர்த் தொட்டி. அதை என் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஏலகிரிக்குப் போனோம்.

"வெயிட் ஜாஸ்தியா தெரியுதேடா" என்றேன்.

"உன் வண்டி வீட்டையே இழுக்கும் மாமா, சும்மா வா" என்றான்.

ஏறும்போது நன்றாகத்தான் இழுத்தது. அதை நம்பினது என் தப்பு.

மறுநாள் இறங்கும்போது டிரெய்லர் காரைப் பின்னாலிருந்து தள்ளியது. அதுக்குத் தனி பிரேக் கிடையாது. நாலாவது வளைவில் என் பிரேக் சூடாகி, மிதித்தாலும் பிடிக்கவில்லை. "இன்னாங்க, நிக்கலையா?" என்று என் பெண்டாட்டி கத்தினாள். எதிர்ப்பக்கம் பள்ளம். கியரைக் குறைத்து, மலைப்பக்கக் கால்வாயில் சக்கரத்தை இறக்கினேன். உரசிக்கொண்டே போய் நின்றது.

மச்சினன் இறங்கிப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் போய்டுச்சு மாமா" என்கிறான். அடிக்கலாம் போல இருந்தது.

டிரெய்லரை டிராக்டர் வைத்துக் கீழே கொண்டுவந்து, நான் வேலை செய்யும் தோல் கம்பெனி எடைமேடையில் ஏற்றினேன். தினமும் லாரி நிறுக்கிறவன் நான். கிளம்பறதுக்கு முன்னாடி இதை மட்டும் நிறுக்கத் தோணல. கார் இவ்வளவுதான் இழுக்கலாம் என்று அதோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்த எடையைப் போல ரெண்டு மடங்கு இருந்தது.

கட்டிலையும் தொட்டியையும் கழற்ற வைத்தேன். டிரெய்லருக்குத் தனி பிரேக் போட வைத்தேன். இப்போ சாமான் ஏற்றின பிறகு நிறுத்துப் பார்த்துத்தான் கொக்கியில் மாட்டுகிறேன். பயந்தாங்கொள்ளி மாமா என்கிறான். சொல்லிட்டுப் போகட்டும். ஓட்டறவன் நான்.