நங்கூரம் போட்ட மாடு

மீஞ்சூரில் ரயிலைவிட்டு இறங்கியது நான், அப்பா, அம்மா மூன்று பேர். அண்ணன் வரவில்லை. மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறவனுக்கு ஞாயிறு என்ன, திங்கள் என்ன. "மாட்டப் பாக்கறதுக்கு லீவு கேட்டா ஓனர் இன்னாடா சொல்வாரு?" என்று போனிலேயே சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓவியக் கல்லூரி விண்ணப்பத்தோடு ஒரு கிராமத்துக் காட்சி வரைந்து கொடுக்க வேண்டும். மறுநாள் கடைசி நாள். எண்ணூரிலேயே பிறந்து வளர்ந்த நான், காலண்டரைப் பார்த்து மலை, குடிசை, நாரை எல்லாம் வரைந்து வைத்திருந்தேன். டிராயிங் மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "இந்த ஊருக்கு எந்த பஸ்சுப்பா போகுது?" என்றார். அதனால்தான் இந்தப் பயணம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள் என்று அம்மா கருவாட்டுக் குழம்பும் சோறும் கட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள்.

ஊருக்கு வெளியே ஒரு கீரைத் தோட்டம்; ஓரத்தில் ஒரு மாடு. தோட்டக்கார அம்மா, "தாராளமா வரைஞ்சுக்கோ தம்பி" என்று சொல்லிவிட்டுச் சோறாக்கப் போனார். மாடோ குட்டைக் கயிற்றில் முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்தது. காதை வரைவதற்குள் வால் வந்து நின்றது.

கடலுக்குப் போகிற அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இவ்ளோ குட்டையா கட்னா எப்டி நைனா நிக்கும்? நங்கூரம் போட்டா கயிற நீட்டி உடணும். அப்பத்தான் படகு அடங்கும்." மரத்தடியில் கிடந்த இன்னொரு கயிற்றையும் சேர்த்து முடிந்து நீட்டிவிட்டு, அம்மாவோடு நிழலில் கண்ணயர்ந்தார்.

சொன்னது பலித்தது. மாடு அடங்கி நின்றது, கீரைப் பாத்தியில், தலையைக் கவிழ்த்துக்கொண்டு. நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அசையாத மாடு இனி எங்கே கிடைக்கும்? முதுகு, கழுத்து எல்லாம் முடித்து, கொம்புக்கு நிழல் போடும்போது தோட்டக்கார அம்மாவின் கூச்சல் கேட்டது.

"ஒரு பாத்தியே போச்சே! ஐநூறு வெச்சிட்டு நகருங்க!"

மீன் விற்கிற என் அம்மா எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "ஐநூறா? நீ கீர விக்கிறியா, வஞ்சிரம் விக்கிறியா? துன்னது உன் மாடு. பாலு உனுக்கு, துட்டு மட்டும் எங்களுதா?"

தோட்டக்கார அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "கயித்த நீட்டினது யாரு?"

அப்பா வானத்தைப் பார்த்து, காற்று எந்தப் பக்கம் என்று ஆராயத் தொடங்கினார்.

"டேய், படம் முடிஞ்சுதா?" என்றாள் அம்மா.

தலையாட்டினேன்.

"அப்ப குட்த்துத் தொலைக்கலாம்" என்று சுருக்குப்பையை அவிழ்த்தாள். பேரம் படிந்தது முந்நூற்று ஐம்பது ரூபாய்க்கு.