பர்கூர் போய் இரண்டு சென்டிமீட்டர் இறங்கி வந்தோம்

காலை ஏழு மணிக்கு மத்திகிரியிலிருந்து கிளம்பினோம். எழுதுவதற்கு எளிதாக இருக்கிறது. என் மனைவி சரோஜா பின்னிருக்கையில் ஏற, வண்டியை வாசலின் இரண்டாம் படியை ஒட்டி நிறுத்த வேண்டும். அவள் ஏறியதும் நான் இடது கால் கட்டைவிரலில் நிற்க வேண்டும். வலது கால் அந்தரத்தில் இருக்கும். மலைப்பாதை, மண்பாதை, ஆற்றுப் படுகை எல்லாவற்றுக்கும் என்று செய்த உயரமான மோட்டார்சைக்கிள் அது. முன்சக்கரம் இருபத்தொரு அங்குலம், பின்சக்கரம் பதினெட்டு. வாங்கியவன் ஐந்தடி நான்கு அங்குலம்.

மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து, எட்டுப் போடும்போது கால் ஊன்றியவர்களை இரக்கமில்லாமல் திருப்பி அனுப்பியவன் நான். ஓய்வு பெற்று ஆசையாக வாங்கிய இந்த வண்டியை ஓசூர் சிக்னலில் இரண்டு முறை சாய்த்துவிட்டேன். இரண்டு முறையும் தனியாகத்தான் போயிருந்தேன். அதன்பிறகு சரோஜா ஒரு சட்டம் போட்டாள்.

"என்னை ஏத்திக்கிட்டு ஒரு நாள் முழுக்கப் போயிட்டு வாங்க. நான் மேல இருக்கறப்ப ஒரே ஒரு தடவை சாய்ச்சாலும் வண்டி குமரேசனுக்கு."

குமரேசன் அவளுடைய தம்பி. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ஆறடி உயரம். வண்டிக்குப் பொருத்தமான ஜாக்கெட்டை அவன் ஏற்கெனவே வாங்கிவிட்டான்.

எனக்கிருந்த ஒரே வழி சக்கரத்தைச் சிறிதாக்குவது. இதே வண்டியின் இன்னொரு மாடலுக்குத் தயாரிப்பாளரே பத்தொன்பதும் பதினேழும் போட்டு விற்கிறார். ஆகவே அளவு அங்கீகாரம் பெற்றது. அப்படி ஒரு பழைய ஜோடி பர்கூரில் ஒரு பட்டறையில் இருப்பதாகத் தகவல். டயரோடு சேர்த்துப் பதினெட்டாயிரம்.

ஓசூர் சிக்னலில் நடைபாதை விளிம்பை ஒட்டி ஓட்டிப்போய், அதன்மேல் காலை வைத்துக்கொண்டு நின்றேன். நடைபாதை நடப்பதற்குப் பயன்பட்டு நான் பார்த்ததில்லை, இதற்காவது பயன்பட்டது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் கிடையாது. அரசாங்கம் எனக்குச் செய்யும் சலுகைகளில் வரிசையில் நிற்காமல் கிடைப்பது இது ஒன்றுதான். இட்லி சாப்பிட இறங்கியபோது மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். பர்கூர் போய்ச் சேரும்போது மீட்டர் அறுபத்தெட்டு கிலோமீட்டர் காட்டியது. சாயவில்லை. குமரேசன் ஒருமுறை போன் செய்து, "மாமா, வண்டி நல்லா இருக்குதா?" என்று கேட்டான். என்னைப் பற்றிக் கேட்கவில்லை.

பட்டறைக்காரர் முனிரத்தினம், கிரானைட் லாரிகளுக்கு டயர் பார்ப்பவர். கடைக்குள் ஒருவரிடம் தெலுங்கிலும் போனில் கன்னடத்திலும் பேசிக்கொண்டே எங்களிடம் தமிழில் வியாபாரம் ஆரம்பித்தார்.

"சார், பின்னாடிக்கு நல்லா அகலமா, மொத்தமா ஒரு டயரு இருக்குது. போட்டா எருமையாட்டம் கெத்தா நிக்கும்."

"எருமை செயினில் உரசும். நூற்று முப்பது அகலம் போதும்."

"அப்ப முன்சக்கரம் மட்டும் மாத்திக்குங்க. செலவு பாதி."

"முன்னால் மட்டும் இறக்கினால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும், ஹேண்டில் பதறும். இரண்டையும் இறக்கினால்தான் நடத்தை மாறாது." பிறகு டயரின் பக்கவாட்டைத் தடவி, பாரக் குறியீடும் வேகக் குறியீடும் பழைய டயரைவிடக் குறையவில்லை என்று கண்ணாடி போட்டுப் படித்தேன். தயாரிப்பு வாரத்தையும் படித்தேன்.

முனிரத்தினம் சரோஜாவிடம் திரும்பினார். "சாரு எந்த டிபார்ட்மெண்ட்டுங்க அக்கா?"

"ஆர்.டி.ஓ. ஆபீசு. ரிட்டயர் ஆயிட்டாரு. அவருக்குத்தான் இன்னும் தெரியல."

மதியத்துக்குள் சக்கரங்கள் ஏறின. வண்டி முன்னும் பின்னும் சுமார் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. இரண்டு சென்டிமீட்டரில் என்ன இருக்கிறது என்று உயரமானவர்கள் கேட்பார்கள். உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பாதங்களின் முன்பாதியும் தரையில் இருந்தன. கல்லுடைக்கும் இடத்துக்குப் போகும் சாலையில், ஜல்லி சிதறிய திருப்பத்தில், சரோஜாவை ஏற்றிக்கொண்டு ஒரு எட்டுப் போட்டேன். குழியில் இறங்கும்போது பழைய பெரிய சக்கரம் போல் உருண்டு தாண்டாமல் கொஞ்சம் இடித்தது. அந்த நஷ்டம் எனக்குச் சம்மதம்.

"சைடு ஸ்டாண்டை ஒரு வெரக்கடை அளவு வெட்டி ஒட்டணும் சார்," என்றார் முனிரத்தினம். "வெல்டிங்காரரு கல்யாணத்துக்குக் குப்பம் போயிருக்காரு. வியாழக்கெழமெ வாங்க."

அது எனக்கும் தெரிந்த விஷயம். வண்டி இறங்கிவிட்டால் ஸ்டாண்ட் நீளமாகிவிடும். வண்டி சாயாமல் நட்டுக்குத்தலாக நின்று, மறுபக்கம் விழப் பார்க்கும். அதுவரை இடப்பக்கம் சரிந்த தரையில் மட்டும் நிறுத்த வேண்டும். சூளகிரியில் டீக்கு நிறுத்தியபோது தண்ணீர் பாட்டிலைத் தரையில் படுக்க வைத்து, எந்தப் பக்கம் உருளுகிறது என்று பார்த்த பிறகே ஸ்டாண்ட் போட்டேன்.

"ஏங்க, கடையே பாக்குது," என்றாள் சரோஜா.

"பார்க்கட்டும். கற்றுக்கொள்ளட்டும்."

மாலை ஆறு மணிக்குப் பேரண்டப்பள்ளி அருகே, சானமாவுக் காட்டின் ஓரம், வனத்துறையினர் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். யானைகள் சாலையைக் கடக்கப் போகின்றன. இன்ஜினை அணைக்க வேண்டும், யாரும் இறங்கக் கூடாது, ஹாரன் கூடாது. நான் நின்ற இடம் சரிவான ஓரம். பிடித்துக்கொள்ளக் கம்பமும் இல்லை, காலை வைக்க நடைபாதையும் இல்லை. பின்னால் சரோஜா, அவள் மடியில் கிருஷ்ணகிரியில் வாங்கிய மாம்பழப் பை.

பக்கத்தில் ஸ்கூட்டரில் கம்பெனி அடையாள அட்டையோடு ஒரு பெண். "ஷிப்ட் போச்சு," என்று முணுமுணுத்தாள். "போன வாரமும் யானைன்னுதான் சொன்னேன். சூப்பர்வைசரு, உங்க யானைக்கு டியூட்டி ரோஸ்டர் இருக்குதாம்மான்னு கேக்கறான்."

என் தொடை நடுங்க ஆரம்பித்தது. அவள் கவனித்துவிட்டாள். "அங்கிள், பயப்படாதீங்க. அது தூரமாத்தான் போகும்."

யானைக்கு நான் பயப்படவில்லை என்று விளக்க அது நேரமில்லை. சரோஜாவின் போன் அதிர்ந்தது. "இல்லடா, இன்னும் விழல," என்று கிசுகிசுத்தாள். "யானை போவுது, வை."

வரிசையில் முன்னால் நின்ற லாரியின் கிளீனர் "ஆனே, ஆனே" என்று கன்னடத்தில் காட்டினான். மங்கிய வெளிச்சத்தில் லாரிகளுக்கு மேலாகச் சாம்பல் நிற முதுகுகள் நான்கு, நிதானமாக நகர்ந்து மறைந்தன. பெரியவை மூன்று, நடுவில் ஒன்று சிறிது. சரோஜா என் தோளைப் பிடித்து எக்கிப் பார்த்தாள். வண்டி ஆடியது. இரண்டு பாதங்களையும் அழுத்தினேன், நின்றது. பழைய சக்கரமாக இருந்திருந்தால், மாம்பழம் உட்பட மூவரும் தார்ச்சாலையில் இருந்திருப்போம்.

வீட்டு வாசலில் மீட்டரைப் பார்த்தேன். போகும்போது அறுபத்தெட்டு; வரும்போது எழுபத்தொன்று. சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிக முறை சுற்றுவதால் மத்திகிரி மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தது. சரோஜா படியைத் தேடாமல் நேராகத் தரையில் இறங்கி, சாவியோடு போனாள். நான் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு, வெற்றி வீரனாக இறங்கி, கேட்டைத் திறக்க இரண்டடி நடந்தேன்.

வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு மரியாதையாக வலப்பக்கம் சாய்ந்து, சரோஜாவின் குரோட்டன்ஸ் தொட்டியின்மேல் படுத்துக்கொண்டது.

இருவருமாகத் தூக்கிச் சுவரில் சார்த்தினோம். கைப்பிடிக் காப்பில் ஒரு கீறல்; தொட்டியில் பாதி உடைந்துபோயிருந்தது. பாட்டிலை எடுத்து என் வாசல் தரையில் படுக்க வைத்தேன். அது தயங்காமல் வலப்பக்கம், சாக்கடையை நோக்கி உருண்டது. பர்கூரிலும் சூளகிரியிலும் அந்நியத் தரையைச் சோதித்துச் சோதித்து நிறுத்தியவனுக்கு, சொந்த வாசல் எந்தப் பக்கம் சரிகிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

குமரேசன் மறுபடியும் அழைத்தான். சரோஜா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆமாடா, விழுந்துச்சு." நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஆனா நான் எறங்கிட்டேன். அவரும் எறங்கிட்டாரு. யாரும் மேல இல்லாதப்ப அதுவா விழுந்தா அது செல்லாது. நீ ஜாக்கெட்டக் கடையில திருப்பிக் குடுத்துடு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வியாழக்கெழமெ ஸ்டாண்டு வெட்டப் போறப்ப நானும் வர்றேன். திரும்பறப்ப அதே ஆறு மணிக்கு அந்த எடத்துல இருக்கணும். இன்னிக்கு முதுகுதான் தெரிஞ்சுது. அந்தக் குட்டியோட மொகத்தப் பாக்கணும்."